தன்னுடல் தாக்குநோய்களில் குருதி எதிர்ப்பொருள் அளவு: ஆரணி நெசவுச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

குருதியில் காணப்படும் தன்னெதிர்ப்பொருள்களின் அளவு ஒரு நோயின் இருப்பையும் கடுமையையும் வருகையையும் எவ்வளவு தூரம் சுட்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. முடக்குவாதம், லூபஸ், சீலியாக் நோய் ஆகிய மூன்றும் முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. விரல்மூட்டுகளை நம்பி வாழும் ஆரணிப் பட்டு நெசவாளர்களின் தொழிற்சூழலும், அவ்வூரை அடுத்துள்ள வேலூரின் மருத்துவ ஆய்வு மரபும் விளக்கத்திற்குக் களமாகின்றன. எதிர்ப்பொருள் என்னும் கருத்தைத் தமிழில் பெயரிடுவதில் உள்ள சிக்கலும் உடன் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எதிர்ப்பொருள், தன்னெதிர்ப்பொருள், முடக்குவாதக் காரணி, நெசவாளர் உடல்நலம், ஆரணி, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ள ஆரணி, பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. தறியும் சரிகையும் சாயமும் இவ்வூரின் பொருளியல் வரலாற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. தறியில் அமர்பவரின் உடல் அத்துணை பேசப்படவில்லை.

பட்டுத்தறியில் விரலே முதற்கருவி. பழைய பாவின் இழைமுனையோடு புதிய பாவின் இழைமுனையை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்தல், அறுந்த இழையை அச்சின் பற்களுக்கிடையே தேடியெடுத்துக் கட்டுதல், சரிகையை இழுப்பு மாறாமல் கொண்டுசெல்லுதல் ஆகிய யாவும் விரல்மூட்டுகளின் நுண்ணிய அசைவைச் சார்ந்தவை. ஆகவே நெசவாளர் ஒருவரின் விரல் வலித்தால் அவ்வலிக்கு உடனே ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது: தொழில். பெரும்பாலும் அவ்விளக்கம் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத இடத்தில்தான் இழப்பு நேர்கிறது.

உழைப்பால் வரும் வலி வேலை செய்யச் செய்ய மிகும்; ஓய்வில் தணியும். முடக்குவாத வலியின் போக்கு இதற்கு நேர்மாறானது. இரவு உறங்கி எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகி, கை அசைய அசைய இறுக்கம் தளரும். இரு கைகளிலும் ஒத்த இடங்களில், குறிப்பாக விரலடி மூட்டுகளிலும் நடுவிரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும், வீக்கம் தோன்றும். இந்நோயில் எலும்பரிப்பு முதலிரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுவது மிகுதி. அரிக்கப்பட்ட மூட்டு மருந்தால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. 'தறி வலி' என்று கடந்துபோகும் ஓராண்டு, நெசவாளரைப் பொறுத்தவரை, தொழிலையே விலையாகக் கேட்கும் ஓராண்டாகலாம். வலி இரண்டனுள் எது என்று பிரித்தறிய உதவும் கருவிகளுள் ஒன்று குருதியில் உள்ள எதிர்ப்பொருள் அளவு. அக்கருவியின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே அறிந்தாலன்றி அதனால் பயனில்லை.

பெயரில் உள்ள சிக்கல்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'எதிர்ப்பொருள்' என்றும், ஈழத் தமிழ் அறிவியல் எழுத்திலும் இணையக் கலைக்களஞ்சியத்திலும் 'பிறபொருளெதிரி' என்றும் இப்புரதம் வழங்கப்படுகிறது. பின்னது அழகிய ஆக்கம். உடலுக்குப் புறம்பான பொருளை எதிர்ப்பது என்னும் பணியை அச்சொல்லே கூறிவிடுகிறது. ஆனால் தன்னுடல் தாக்குநோய்களில் அது முட்டி நின்றுவிடுகிறது. இந்நோய்களில் எதிர்க்கப்படுவது பிறபொருள் அன்று, தன்பொருள். 'தற்பிறபொருளெதிரி' என்று சொல்லைக் கட்டினால் முன்னொட்டும் சொல்லும் ஒன்றையொன்று மறுக்கின்றன.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. அறிவியல் வரலாற்றிலேயே இவ்விடர் உண்டு. உடல் தன்னைத்தானே தாக்குவதை அஞ்சி விலக்கும் என்னும் கருத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவுல் எர்லிக் முன்வைத்தார். 1904இல் டோனத்தும் லாண்ட்ஸ்டைனரும், குளிர்ச்சியில் நோயாளியின் சொந்தச் சிவப்பணுக்களையே அழிக்கும் எதிர்ப்பொருள் ஒன்றைக் கண்டறிந்தனர். எனினும் எர்லிக்கின் கருத்து அரை நூற்றாண்டுக் காலம் செல்வாக்கோடு விளங்கியது. 1956இல் ரோஸ், விட்டெப்ஸ்கி ஆகியோரின் முயல் ஆய்வுகளும், இலண்டனில் ராய்ட், டோனியாக் குழுவினர் தைராய்டு நோயாளிகளின் குருதியில் கண்ட எதிர்ப்பொருள்களுமே அக்கருத்தைத் தளர்த்தின. 'பிற' என்னும் முன்னொட்டு எர்லிக்கின் நம்பிக்கையைத் தன்னுள் சுமந்து நிற்கிறது எனலாம். 'எதிர்ப்பொருள்' எதை எதிர்க்கிறது என்று சொல்லாமல் விடுவதால் இவ்விடத்தில் மிகப் பொருந்துகிறது. இக்கட்டுரையில் அச்சொல்லும், அதன் வழியாகத் 'தன்னெதிர்ப்பொருள்' என்பதும் கையாளப்படுகின்றன.

சித்த மருத்துவ அறிஞர்கள் முடக்குவாதத்தோடு ஒப்பிடும் நோய்க்கு 'உதிரவாத சுரோணிதம்' என்று பெயர். பெயரிலேயே உதிரம் இருப்பதைக் கொண்டு முன்னோர் எதிர்ப்பொருளை அறிந்திருந்தனர் என்று வாதிடுவது பொருந்தாது. மூட்டு நோயைக் குருதியோடு இணைத்து எண்ணும் வழக்கம் இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை. மக்கள் வழக்கில் உள்ள 'சரவாங்கி' என்னும் சொல்லும் இந்நோயையே குறிக்கும். 'வாதம்' என்ற ஒரு சொல் பக்கவாதத்திற்கும் மூட்டு நோய்க்கும் பொதுவாக நிற்கும் குழப்பம் 'சரவாங்கி'யில் இல்லை என்பது கருதத்தக்கது.

அண்மைக்கால மாற்றம் ஒன்றும் உண்டு. 2020க்குப் பின் கொரோனாத் தடுப்பூசி பற்றிய பேச்சால் எதிர்ப்பொருள் என்பது காவலன் என்ற பொருளிலேயே பரவலாக அறிமுகமாயிற்று. அளவு கூடுதலாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் நிலைபெற்றது. தன்னெதிர்ப்பொருளில் கூடுதல் அளவு நற்செய்தி அன்று. அதே வேளையில், அது தானாகவே கெட்ட செய்தியும் அன்று.

அளவு எவ்வாறு அளக்கப்படுகிறது

'அளவு' என்னும் ஒரு தமிழ்ச்சொல் ஆய்வகத்தில் இருவேறு செயல்களைக் குறிக்கிறது. முதலாவது நீர்த்தல் முறை. குருதிநீரை இருமடங்கு இருமடங்காக நீர்க்கச் செய்து, எந்த நீர்த்தல் வரை எதிர்ப்பொருளின் செயல் தெரிகிறது என்று பார்ப்பது. உயிரணுக் கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இவ்வாறே அளக்கப்படுகிறது. கண்ணாடித் தகட்டில் வளர்த்த மனித உயிரணுக்களின் மேல் நோயாளியின் குருதிநீரை இட்டு, ஒளிரும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் நோக்குவர். 1:80 என்றால் எண்பது மடங்கு நீர்த்த பின்னும் ஒளிர்வு தெரிந்தது என்று பொருள். வரிசை 40, 80, 160, 320 என இரட்டித்துச் செல்வதால், 80லிருந்து 160 என்பது ஒரே ஒரு படிதான். நோக்குபவரின் கண்ணும் அன்றைய சாயமும் மாறினாலே ஒரு படி மாறக்கூடும். 'இரு மடங்காகிவிட்டது' என்று அதைக் கண்டு கலங்குவதற்கு இடமில்லை.

இரண்டாவது முறையில் கருவி ஓர் எண்ணைத் தருகிறது: ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை அலகு. எண் துல்லியமாகத் தோன்றினும், அவ்வலகு பல சோதனைகளில் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். ஓர் ஆய்வகத்தின் 60ஐ மற்றோர் ஆய்வகத்தின் 90உடன் ஒப்பிட்டு நோய் முற்றிவிட்டது என முடிவு செய்தல் தவறு. நெசவில் இதற்கு இணை காட்டலாம்: அளவுகோல் வேறுபடும் இரு கடைகளில் அளந்த துணிகளின் எண்களை மட்டும் வைத்து எது நீளம் என்று கூற இயலாது.

முடக்குவாதக் காரணி

1940இல் நார்வே நாட்டு மருத்துவர் எரிக் வாலர், முடக்குவாத நோயாளிகளின் குருதிநீர் செம்மறியாட்டுச் சிவப்பணுக்களைக் கூடுதலாகத் திரளச் செய்வதைக் கண்டார். 1948இல் அமெரிக்காவில் ஹாரி ரோஸும் உடனாய்வாளர்களும் அதனைத் தனித்துக் கண்டறிந்தனர். முடக்குவாதக் காரணி என்று பின்னர்ப் பெயர்பெற்ற இது, எதிர்ப்பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள். இம்யூனோகுளோபுலின் ஜி என்னும் புரதத்தின் அடிப்பகுதியைப் பற்றுவது. முடக்குவாத நோயாளிகளுள் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காட்டினரிடம் இது காணப்படும்.

இடர் எங்கெனில், அந்நோய் இல்லாதோரிடமும் இது காணப்படும். முதுமையில் கூடும். காசநோய், கல்லீரல் அழற்சி சி, தொழுநோய் போன்ற நீடித்த தொற்றுகளிலும் தோன்றும். ஆரணி அமைந்த பழைய வடஆர்க்காடு மாவட்டம் தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளுள் ஒன்று. வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளர் கைகளுக்கான அறுவை மருத்துவத்தை வளர்த்ததும், வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் எழுந்ததும் இப்பின்னணியில்தான். தொழுநோயின் எதிர்வினைக் காலத்தில் மூட்டு வீங்கக்கூடும், விரல்கள் மடங்கக்கூடும், முடக்குவாதக் காரணியும் குருதியில் இருக்கக்கூடும். காரணி மட்டுமே சான்றாகக் கொள்ளப்பட்டால், மருந்தால் முற்றிலும் குணமாகும் ஒரு தொற்று, வாழ்நாள் முழுதும் எதிர்ப்பாற்றலை அடக்கவேண்டிய நோயாகப் பிழைபடக் குறிக்கப்படும். தோலில் உணர்ச்சியற்ற தேமல் உள்ளதா, நரம்பு தடித்துள்ளதா என்று மருத்துவர் கையால் தொட்டறிவது அவ்விடத்தில் குருதிச் சோதனையினும் மேலானது.

1990களின் இறுதியில் அறிமுகமான சிட்ருலின் புரத எதிர்ப்பொருள் சோதனை இக்குறையைப் பெருமளவு போக்கியது. அழற்சியின்போது உடற்புரதங்களில் உள்ள அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் சிட்ருலினாக மாறுவதுண்டு. மாறிய அப்புரதங்களுக்கு எதிரானது இவ்வெதிர்ப்பொருள். இது முடக்குவாதம் இல்லாதோரிடம் தோன்றுவது அரிது. 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் இணைந்து வெளியிட்ட வகைப்பாட்டில் அளவுக்கே தனி மதிப்பு தரப்பட்டது. இவ்விரு எதிர்ப்பொருள்களுள் ஒன்று இயல்பெல்லையைத் தாண்டி அதன் மூன்று மடங்கு வரை இருந்தால் 2 புள்ளி. மூன்று மடங்கைக் கடந்தால் 3 புள்ளி. முடக்குவாதம் என்று கொள்ள 10க்கு 6 தேவை. அதாவது, மிக உயர்ந்த எதிர்ப்பொருள் அளவும் பாதி தூரம் மட்டுமே கொண்டுசெல்லும். மீதி, வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையிலிருந்தும் நோய்க்காலத்திலிருந்தும் அழற்சிக் குறியீடுகளிலிருந்தும் வரவேண்டும்.

இதன் மறுபக்கம் சற்றுக் கவனிப்புக் குறைந்தது. நோய் உள்ளவர்களுள் ஐந்தில் ஒருவரிடமேனும் இவ்வெதிர்ப்பொருள்கள் காணப்படுவதில்லை. மூட்டு வீங்கி, காலை இறுக்கம் நீடிக்கும் ஒருவரிடம் சோதனை 'இல்லை' என்று வந்துவிட்டதாலேயே 'உனக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவது, பிழையான 'உண்டு' என்பதினும் கொடிய விளைவைத் தரலாம்.

ஆயிரம் பேரைச் சோதித்தால்

1993இல் மாளவியாவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட வடஇந்திய ஊரக ஆய்வு, வயது வந்தோரில் முடக்குவாதம் 0.75 விழுக்காடு என மதிப்பிட்டது. அம்மதிப்பைக் கொண்டு ஒரு கணக்கு: நெசவுத் தெருக்களில் மருத்துவ முகாம் நடத்தி, எந்த அறிகுறியும் கேளாமல் 1,000 பேருக்கு முடக்குவாதக் காரணி பார்க்கப்படுவதாகக் கொள்வோம். நோயுள்ளவர் 7 அல்லது 8 பேர்; அவர்களுள் காரணி தென்படுவோர் 5 பேர். நோயற்றவருள் நூற்றுக்கு 5 பேரிடம் காரணி இருப்பதாகக் கொண்டால், அத்தகையோர் ஏறத்தாழ 50 பேர். 'உண்டு' என்ற தாளோடு வீடு திரும்பும் 55 பேருள் உண்மையில் நோயுள்ளவர் 5 பேர், பதினொருவருக்கு ஒருவர்.

இனி, ஆறு வாரத்திற்கு மேல் விரல்மூட்டு வீங்கியவர்களை மட்டும் மருத்துவர் பார்த்துத் தேர்ந்து சோதிப்பதாகக் கொள்வோம். அத்தகைய 100 பேருள் பாதிப்பேருக்கு நோய் உண்டெனில், 'உண்டு' என வரும் 38 பேரளவில் 35 பேர் நோயுள்ளவர். சோதனை மாறவில்லை, காரணியின் அளவும் மாறவில்லை. யாரிடம் கேட்கப்பட்டது என்பது மட்டுமே மாறியது. பொது முகாம்களில் 'வாதச் சோதனை' செய்வதன் பொருத்தமின்மைக்கு இக்கணக்கே போதிய சான்று.

உயிரணுக் கரு எதிர்ப்பொருளில் இந்நிலை இன்னும் கூர்மையானது. 1997இல் டான் தலைமையில் பல நாட்டு ஆய்வகங்கள் நலமானவர்களிடம் செய்த சோதனையில், 1:40 அளவில் 31.7 விழுக்காட்டினரும், 1:80இல் 13.3 விழுக்காட்டினரும், 1:160இல் 5 விழுக்காட்டினரும், 1:320இல் 3.3 விழுக்காட்டினரும் 'உண்டு' எனக் காட்டினர். லூபஸ் நோய்க்கான 2019ஆம் ஆண்டின் வகைப்பாடு 1:80 என்பதை நுழைவாயிலாக மட்டுமே வைக்கிறது. வாயிலில் நிற்போர் அனைவரும் வீட்டாரல்லர்.

நெசவுத் தூசியும் எதிர்ப்பொருளும்

தொழிலே இந்நோய்க்கு வழிகோலுமா என்னும் வினாவுக்கு நெருங்கிய சான்று மலேசியாவிலிருந்து வருகிறது. மலாய், சீன, இந்திய மரபினரை உள்ளடக்கிய அந்நாட்டில், முடக்குவாதம் புதிதாகத் தோன்றிய 910 பெண்களையும் அதே வயதுடைய நோயற்ற 910 பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியாயிற்று. பணியிடத்தில் துணித் தூசிக்கு ஆளான பெண்களிடம் நோய்க்கான வாய்ப்பு விகிதம் 2.8 என இருந்தது. சிட்ருலின் எதிர்ப்பொருள் உள்ள வகையிலும் இல்லாத வகையிலும் இத்தொடர்பு காணப்பட்டது. குறிப்பிட்ட மரபணு வகையும் தூசியும் ஒருவரிடம் சேர்ந்தபோது எதிர்ப்பொருள் உள்ள வகையின் வாய்ப்பு பன்மடங்கு உயர்ந்தது.

இம்முடிவை ஆரணிக்கு அப்படியே பெயர்த்து வைப்பதில் தடைகள் உண்டு. பஞ்சாலையின் தூசியும் கைத்தறிப் பட்டின் தூசியும் ஒன்றல்ல. பட்டு நீண்ட தொடர்இழை. பருத்தியைப்போல் குறுநார்களை உதிர்ப்பதில்லை. மேலும், பசை நீக்கிச் சாயமேற்றிய பின்னரே அது பெரும்பாலும் தறிக்கு வருகிறது. மறுபுறம், கைத்தறி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் நெய்பவர் மட்டுமன்றிக் குடும்பமே அக்காற்றை நுகர்கிறது. ஆகவே மலேசிய முடிவு ஆரணிக்கு விடையன்று. ஆனால் தமிழகப் பட்டு நெசவு ஊர்களில் கேட்கப்பட வேண்டிய வினாவை அது தெளிவாக வரையறுத்துத் தருகிறது. கூலி, கடன், கூட்டுறவுச் சங்கம் ஆகியன பற்றிய நெசவாளர் ஆய்வுகளோடு ஒப்பிட, இத்தகைய ஆய்வுக்குச் செலவு மிகுதி என்பது உண்மை. புகைத்தல் சிட்ருலின் எதிர்ப்பொருளோடு உறுதியாகத் தொடர்புடையது என்பதும் இங்கு நினையத்தக்கது. அதனைக் கணக்கில் கொள்ளாத எந்தத் தூசி ஆய்வும் குறையுடையதாகும்.

அரிசியும் கோதுமையும்

தன்னெதிர்ப்பொருள் அளவு வாழிடத்தைச் சார்ந்து மாறும் என்பதற்கு இந்தியச் சான்று ஒன்று மிகத் தெளிவானது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோயில், திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதிக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. பி. எஸ். இராமகிருஷ்ணா முதலாசிரியராக, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் பங்கேற்று 2016இல் வெளியான ஆய்வு, மூன்று வட்டாரங்களில் 23,331 பேரைச் சோதித்தது. இவ்வெதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினரிடமும், தென்னிந்தியாவில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. நோய்க்கு இடந்தரும் மரபணு வகைகளோ வடக்கில் 38.1, வடகிழக்கில் 31.4, தெற்கில் 36.4 விழுக்காடு என நெருங்கியே இருந்தன. நாள்தோறும் உண்ணும் கோதுமை வடக்கில் 455 கிராம், வடகிழக்கில் 37, தெற்கில் 25.

வடக்கையும் தெற்கையும் மட்டும் நோக்கினால் கதை எளிது: மரபணு ஒன்று, உணவு வேறு, எனவே எதிர்ப்பொருளும் வேறு. அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்தில் இது இனிக்கக்கூடிய முடிவும்கூட. ஆனால் வடகிழக்கு இக்கதைக்குள் அடங்க மறுக்கிறது. அங்கும் அரிசியே உணவு. கோதுமை தெற்கைவிடச் சற்றே மிகுதி. எதிர்ப்பொருளோ தெற்கைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. உண்ணும் கோதுமையின் அளவு மட்டும் காரணம் என்னும் விளக்கம் இவ்விடத்தில் உடைகிறது. இவ்வாய்வைச் சுட்டுவோர் பலரும் வடகிழக்கு எண்ணை விட்டுவிடுவது ஏற்கத்தக்கதன்று. தெற்கிலும் சப்பாத்தியும் பரோட்டாவும் அன்றாட உணவாகிவரும் காலத்தில் 0.10 என்பது நிலைத்திருக்குமா என்பதும் திறந்த வினாவே.

நோய்க்கு முன் வரும் எதிர்ப்பொருள்

எதிர்ப்பொருள் நோயோடு வருவதில்லை. பல வேளைகளில் முன்னரே வந்து காத்திருக்கிறது. அமெரிக்கப் படைவீரர்களின் சேமிப்புக் குருதிநீரைக் கொண்டு 2003இல் வெளியான ஆய்வில், பின்னாளில் லூபஸ் கண்டறியப்பட்ட 130 பேருள் 115 பேரிடம் நோயறியப்படுமுன்பே ஏதேனும் ஒரு தன்னெதிர்ப்பொருள் இருந்தது. சிலரிடம் 9 ஆண்டுகளுக்கு மேல். 2004இல் வெளியான நெதர்லாந்துக் குருதிக் கொடையாளர் ஆய்வில், முடக்குவாதம் பின்னர்த் தோன்றிய 79 பேருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம், அறிகுறி தொடங்குமுன்பே எதிர்ப்பொருள் காணப்பட்டது; அக்கால இடைவெளியின் இடைநிலை 4.5 ஆண்டு.

இவ்விரண்டும் பின்னோக்கிய ஆய்வுகள் என்பதை மறத்தல் ஆகாது. நோயுற்றவரின் பழைய குருதியைத் தேடினால் எதிர்ப்பொருள் கிடைக்கும். எதிர்ப்பொருள் உள்ளவரை முன்னோக்கித் தொடர்ந்தால் எல்லோரும் நோயுறுவதில்லை. தாயிடம் நோயே தோன்றாதபோதும் எதிர்ப்பொருள் தீங்கு செய்யும் ஒரு நிலை மட்டும் தனித்துக் குறிக்கத்தக்கது. ரோ என்னும் புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவைச் சென்றடைந்து, நூற்றுக்கு ஒன்றிரண்டு கருப்பங்களில் குழந்தையின் இதயத் துடிப்புக் கடத்தலைத் தடைசெய்யும்.

தொடர்ந்து அளக்க வேண்டியவையும் வேண்டாதவையும்

ஒருமுறை நோய் உறுதியான பின் எதிர்ப்பொருளை மீண்டும் மீண்டும் அளப்பதால் பயனுண்டா என்பது எதிர்ப்பொருளுக்கேற்ப மாறும். சீலியாக் நோயில் உண்டு: குளூட்டன் நீங்கிய உணவைக் கடைப்பிடித்தால் அளவு மாதக்கணக்கில் இறங்கும், இறங்காவிடில் கோதுமை எங்கோ உள்ளே வருகிறது. குழந்தைகளிடம் அளவு இயல்பெல்லையின் பத்து மடங்கையும் தாண்டியிருப்பின், உறுதிச் சோதனையோடு குடல் திசு ஆய்வையே தவிர்க்கலாம் என ஐரோப்பிய வழிகாட்டுதல் கூறுகிறது. லூபஸில் ஈரிழை டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள் பலரிடம் நோயின் ஏற்றத்தாழ்வோடு ஏறி இறங்கும். சிறுநீரகம் தாக்கப்பட்டவர்களிடம் அது குறிப்பாக நோக்கப்படுகிறது. அதே நோயாளியின் உயிரணுக் கரு எதிர்ப்பொருளோ நோய் தணிந்த பின்னும் உயர்ந்தே நிற்கும். அதை மறுபடி அளப்பது வீண்செலவு.

முடக்குவாதத்தில் சிட்ருலின் எதிர்ப்பொருள் இரண்டாம் வகையைச் சாரும். தொடக்கத்தில் அது மிக உயர்ந்திருப்பின் எலும்பரிப்பு மிகுதியாகும் என்று எச்சரிக்கும். மருத்துவம் விரைவாகவும் உறுதியாகவும் தொடங்க அதுவே காரணமாகும். ஆனால் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தால் வீக்கம் வடிந்து, விரல் மீண்டும் இழையைப் பற்றும் நிலை வந்த பின்னும் அவ்வெண் அதே உயரத்தில் நிற்கக்கூடும். எண் குறையவில்லை என்பதற்காக மருந்து பலனளிக்கவில்லை என்று நிறுத்திவிடும் நோயாளிக்கு வீக்கம் திரும்பும். ஆரணியிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. பயணம் செய்து வேலூருக்குச் செல்லும் ஒருவர், ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்தே அச்சோதனையைச் செய்துகொள்கிறார். அவரிடம் ஒவ்வொரு வருகையிலும் பார்க்க வேண்டியவை வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, காலை இறுக்கம் நீடிக்கும் நேரம், குருதிச் சிவப்பணு படிவு வேகம், மருந்தின் பக்கவிளைவை அறிய உதவும் கல்லீரல், குருதியணுச் சோதனைகள் ஆகியவை. முதல் தாளில் உள்ள எதிர்ப்பொருள் எண்ணைப் பத்திரப்படுத்தி வைத்தால் போதும்.